காற்றில்லாச் சக்கரமும் சாலைச் சட்டமும்

மோட்டார் வாகனம் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகி, அதன் யந்திரமும் எரிபொருளும் தடையும் விளக்கும் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்ட பின்பும், அது தரையைத் தொடும் இடத்தில் மட்டும் 1888-ஆம் ஆண்டின் ஏற்பாடே, அதாவது ரப்பர்க் கூட்டுக்குள் அடைபட்ட காற்றே, இன்றளவும் பாரம் தாங்கி வருகிறது. இந்தக் காற்றை அறவே நீக்கி, வளைந்து நிமிரும் ஆரக்கால்களைக் கொண்டே காரைத் தாங்கச் செய்யலாம் என்னும் முயற்சி கடந்த இருபது ஆண்டுகளாகப் பெரிய டயர் ஸ்தாபனங்களில் நடந்துவருகிறது. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இத்தகைய சக்கரத்தால் அபாயம் உண்டா என்பது ஒன்று. அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்பது மற்றொன்று. சட்டம் தடுப்பதனாலேயே பொருள் அபாயகரமானது என்று கொள்வதும், பொருள் நன்றாயிருப்பதனாலேயே சட்டம் மூடத்தனமானது என்று பழிப்பதும் ஒருங்கே தவறாகும்.

முதலில், சட்டம் காற்றின் பக்கம் சாய்ந்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-இலேயே குதிரை வண்டிகளுக்கான காற்றுச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்; உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதே உபாயத்தை மறுபடியும் கண்டுபிடித்து 1888-இல் காப்புரிமை பெற்றார். டயர் உற்பத்தியாளர்களான மிஷலின் சகோதரர்கள் 1895-இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று மீளும் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள்; வழியில் பல தடவை பஞ்சராகியும் வண்டி பாரிஸுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பாரம் சுமக்கும் லாரிகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கெட்டி ரப்பர்ச் சக்கரங்களிலேயே ஓடின. குட்இயர் ஸ்தாபனத்தார் காற்று டயர் மாட்டிய லாரியை 1917-இல் அக்ரனிலிருந்து பாஸ்டன் வரை ஓட்டிக் காட்டிய பிறகே லாரிக்காரர்களின் அவநம்பிக்கை மெல்ல மெல்லக் கரையத் தொடங்கியது. கெட்டி ரப்பர் வண்டியைக் குலுக்கியதோடு நில்லாமல் சாலையையும் பெயர்த்தெடுத்தது. ஆகவே அவ்வகை வண்டிகளுக்குக் குறைந்த வேகமும், காற்று டயர் வண்டிகளுக்கு உயர்ந்த வேகமும் பல நாடுகளில் விதிக்கப்பட்டன. அந்தக் காலத்தின் சுவடு இன்னும் அழியவில்லை. ஜெர்மனியின் வாகன அனுமதிச் சட்டம், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகளுக்கே காற்றற்ற ரப்பர்ச் சக்கரத்தை விட்டுக்கொடுக்கிறது. அதுமட்டுமன்றி, தன் பாரம் தாங்கும் திறனில் பெரும்பகுதியை உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்திலிருந்து பெறுவதுதான் காற்று டயர் என்று இலக்கணமும் வகுத்துவைத்திருக்கிறது. அவ்விலக்கணத்தை எழுதியவர்கள் மனத்தில் காற்றுக்கு மாற்றாக இருந்தவை இரும்புப் பட்டையும் கெட்டி ரப்பரும்தாம். நெகிழும் ஆரக்கால்களை அவர்கள் கண்டதில்லை.

அப்படியானால், இவ்வளவு நன்மை செய்த காற்றைக் கைவிட ஏன் முயல வேண்டும்? பஞ்சர் என்பது இதற்குப் பாதி விடையே. ஆணி குத்திய டயர் பெரும்பாலும் பிரயாணத்தைத் தாமதப்படுத்துவதோடு விட்டுவிடுகிறது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்விடுகிறோம். உயிரைப் பறிப்பது சொல்லாமல் கொள்ளாமல் குறைந்துபோகும் காற்று. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிகிறது. மடிப்பினால் சூடு பிறக்கிறது. சூட்டினால் உள்ளே பதித்த எஃகு இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்து, ஒருநாள் வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், மேற்பட்டை முழுவதுமாகக் கழன்று பறக்கிறது. அமெரிக்காவில் பயர்ஸ்டோன் ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்த துயரக் கதை இதுவே. அவற்றில் பெரும்பாலானவை போர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவ்விபத்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 250-க்கு மேற்பட்டவை. வண்டிக்குச் சிபாரிசு செய்யப்பட்ட காற்றழுத்தமே குறைவு என்று டயர் செய்தவர் சொல்ல, டயரே பழுது என்று வண்டி செய்தவர் சொல்ல, இரு ஸ்தாபனங்களின் ஏறக்குறைய நூறாண்டு நட்பு முறிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் பயனாகவே, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. காற்று 25 சதவிகிதத்துக்கு மேல் குறைந்த டயர்களோடு ஓடும் வண்டி, டயர் கோளாறு சம்பந்தமான விபத்தில் சிக்குவதற்கு மும்மடங்கு ஏது உண்டு என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு பின்னர்க் கூறியது. பஞ்சராலும் காற்றுக் குறைவினாலும் காலத்துக்கு முன்பே எறியப்படும் டயர்கள் உலகமெங்கும் ஆண்டுக்கு 20 கோடி என்பது மிஷலினின் மதிப்பீடு. விற்பவரின் கணக்கு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று.

காற்றில்லாச் சக்கரத்தின் அமைப்பை இனிச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் மிஷலின் காட்டிய ‘ட்வீல்’ என்பது டயரும் சக்கரமும் பிரிக்க முடியாத ஓர் உறுப்பாய் அமைந்தது. நடுவே குடம், குடத்திலிருந்து பாலியூரிதேன் என்னும் நெகிழும் பொருளாலான மெல்லிய ஆரக்கால்கள், அவற்றின் வெளிமுனைகளைத் தழுவிச் சுற்றிவரும் ஒரு வளையம், அதன்மேல் சாதாரண டயரில் உள்ளதைப் போன்ற ரப்பர்ப் பட்டன். சூட்சுமம் எல்லாம் அந்த வளையத்தில் இருக்கிறது. நீண்டுகொடுக்காத இழைகளைக் கொண்ட இரண்டு படலங்களுக்கு நடுவே, அவை ஒன்றின்மேல் ஒன்று சிறிது நகர்வதற்கு இசையும் ஒரு படலத்தை வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறும்போது வளையம் தரையோடு தட்டையாகப் படிகிறது. படிந்த இடம் முழுவதிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவுகிறது. நடுப்படலம் நகர்வதற்குக் காட்டும் எதிர்ப்பையும் அதன் தடிப்பையும் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தரையின்மேல் விழும் அழுத்தம் கிடைத்துவிடும் என்று அதை உருவாக்கிய பொறியாளர்களான ரைன், க்ரான் இருவரும் எழுதியிருக்கிறார்கள். காற்று பம்ப் செய்துவந்த வேலையை இங்கே ஒரு படலத்தின் கனமும் குணமும் செய்துவிடுகின்றன. தொழிற்சாலையில் ஒருமுறை நிர்ணயித்த அந்த அழுத்தம் பிறகு காற்றைப்போல் கசிந்து இறங்குவதில்லை.

ஆரக்கால்களின் பங்கு இதைவிட வியப்பானது. மரச்சக்கரத்தில் பாரம் கீழே நிற்கும் ஆரக்காலின்மேல் அமர்கிறது. இதிலோ தரையை நோக்கி வரும் ஆரக்கால்கள் பாரம் தாங்காமல் வளைந்து ஒதுங்கிக்கொள்கின்றன. மேற்பாதியில் உள்ளவை விறைத்து நின்று இழுக்கின்றன. உத்தரத்தில் கட்டிய தூளியில் குழந்தை தொங்குவது போலக் காரின் எடை வளையத்தின் மேல்வளைவிலிருந்து தொங்குகிறது. கல்லொன்று குறுக்கிட்டால் அந்த இடத்து ஆரக்கால்கள் மட்டும் மடங்கிக் கல்லை விழுங்கிவிட, வண்டிக்குள் இருப்பவர் அதை உணர்வதே அரிதாகிறது. 2019 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து மிஷலின் மான்ட்ரியாலில் அறிமுகம் செய்த ‘அப்டிஸ்’ சக்கரத்தில் பாலியூரிதேனுக்குப் பதிலாக, பிசின் ஊட்டிய கண்ணாடி இழைகளை ரப்பரோடு சேர்த்து ஆரக்கால் செய்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வளைந்த தகடுகள் வரிசையாக நிற்க, அவற்றின் இடுக்கு வழியே மறுபுறத்து வெளிச்சம் தெரியும்.

அந்த இடுக்குகளிலிருந்தே தொல்லைகளும் தொடங்குகின்றன. சுற்றளவு இரண்டு மீட்டருள்ள ஒரு சக்கரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 14 தடவை சுழல்கிறது. ஆரக்கால்கள் 60 என்றால், வினாடிக்கு 800 தடவைக்கு மேல் ஓர் ஆரக்கால் வளைந்து அடுத்தது அதன் இடத்துக்கு வருகிறது. காற்றுக்குக் கணுக்கள் இல்லை. ஆகையால் அது ஒரே சீராகத் தாங்குகிறது. ஆரக்கால்களோ எண்ணி வைத்த படிகள். ஒவ்வொரு படியும் ஓர் அதிர்வு. அந்த அதிர்வெண் மனிதச் செவிக்கு நன்றாய்க் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. முதல் ட்வீல் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் அதிர்ந்து இரைந்தது இதனால்தான். இது வெறும் சௌகரியக் குறைவன்று. அதிர்வு எங்கே உண்டோ அங்கே சூடும் உண்டு, களைப்பும் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் சக்கரத்தில் ஒவ்வோர் ஆரக்காலும் ஐந்து கோடி தடவை மடங்கி நிமிர வேண்டும். மடங்கும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு சக்தி சூடாக மாறுகிறது. சூடு பொருளின் விறைப்பை மாற்றுகிறது. கோடையிலும் பனியிலும், பத்தாண்டு வெயில் பட்ட பின்பும், ஐந்து கோடியாவது மடிப்பிலும் ஆரக்கால் முதல்நாள் போலவே நடந்துகொள்ளுமா என்பதில்தான் பாதுகாப்புப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வேறு சில விஷயங்களும் உண்டு. சேறும் சரளையும் பனிக்கட்டியும் இடுக்குகளில் புகுந்து ஒருபுறம் சேர்ந்துவிட்டால் சக்கரம் சமநிலை இழந்து உதறும். கட்டட வேலை யந்திரத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க இந்த உதறல், நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு ஆகாது. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் வெளியூர் புறப்படுபவர் காரின் கதவோரத்தில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துப் பின்சக்கரங்களுக்குக் கூடுதலாகக் காற்றுப் பிடிக்கலாம். நிலையான விறைப்புள்ள சக்கரத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே அது தனியாளுக்கும் ஐவருக்கும் ஒருசேரப் பொருந்தும்படி முதலிலேயே அமைக்கப்பட வேண்டும். இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. காற்று டயர் வெடித்தால் ஒரே நொடியில் கெட்டுவிடுகிறது. ஆரக்கால்களில் ஒன்றிரண்டு முறிந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்வதால், இச்சக்கரம் படிப்படியாகவே பலம் குன்றும். அந்தப் படிப்படியான தளர்ச்சியை ஓட்டுபவர் கண்டுகொள்ளத் தக்க அடையாளம் மட்டும் இருந்துவிட்டால், வெடித்துச் சிதறும் டயரைவிட இது மிகவும் உத்தமமானது என்றே என் அபிப்பிராயம்.

பல ஸ்தாபனங்கள் இத்துறையில் இறங்கியிருக்கின்றன. பிரிட்ஜ்ஸ்டோன் 2011-இல் டோக்கியோ கண்காட்சியில் ஒற்றையாள் வண்டியில் தொடங்கி, 2024-இல் கோடைரா நகரத்துச் சாலைகளில் ஓட்டிப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஹான்கூக், டோயோ, சுமிடோமோ ஆகியவை மாதிரிகள் காட்டியிருக்கின்றன. குட்இயர், புளோரிடாவில் ஜாக்ஸன்வில் நகரத்துத் தானோட்டி வண்டிகளில் பரீட்சித்திருக்கிறது. 1971-இல் சந்திரனில் உருண்ட வாகனத்துக்கும் காற்றில்லை, கம்பிவலைச் சக்கரமே. ஆனால் அங்கே வேகமும் இல்லை, எதிரே வரும் லாரியும் இல்லை. தொழில் முறையில் உண்மையாக நிலைபெற்றது, தென் கரோலினாவில் 2014-இல் திறந்த ஆலையிலிருந்து வெளிவரும் ட்வீல் மட்டுமே. அது மண்வாரி யந்திரங்களுக்கும் புல்வெட்டும் வண்டிகளுக்கும் பயன்படுகிறது. அப்டிஸ் 2024-க்குள் கார்களில் வந்துவிடும் என்று சொன்னார்கள். அந்த ஆண்டு கடந்தும் கடையில் போய் வாங்கத்தக்க பொருளாக அது வரவில்லை.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கார் டயருக்குரிய 139-ஆம் பாதுகாப்புப் பிரமாணம், தன் தலைப்பிலேயே காற்றடைத்த ரேடியல் டயரைக் குறிப்பிட்டுத் தொடங்குகிறது. அதன் சோதனைகள் கடுமையானவை. 1.7 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளையின்மேல் டயரை அழுத்தி, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், பாரத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே 34 மணி நேரம் ஓயாமல் ஓட்டுகிறார்கள். பிறகு அதே டயரில் காற்றைக் குறைத்து, மேலும் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். 140, 150, 160 கிலோமீட்டர் வேகங்களில் அரைமணி வீதம் ஓட்டுவது தனிப் பரீட்சை. இவற்றில் காற்றைக் குறைத்து ஓட்டும் சோதனையும், விளிம்பு ரிம்மிலிருந்து கழல்கிறதா என்னும் சோதனையும் காற்றில்லாச் சக்கரத்துக்குப் பொருளற்றவை. ஆரக்கால் களைப்படைகிறதா, இடுக்கில் கல் சிக்கினால் என்ன ஆகிறது என்னும் சோதனைகளோ அப்பிரமாணத்தில் கிடையா. பொருளுக்கும் பரீட்சைக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையே சட்டச் சிக்கலின் கரு. புதிய கார் விற்பனைக்கு வரும்போது 139-ஆம் பிரமாணத்துக்கு உட்பட்ட டயர்களோடு வர வேண்டும் என்று 110-ஆம் பிரமாணம் விதிக்கிறது. காற்றில்லா டயருக்கென்றே 129-ஆம் பிரமாணம் ஒன்று 1990-இல் ஏற்பட்டதுண்டு; ஆனால் அது தற்காலிக உபயோகத்துக்கான ஸ்டெப்னிக்கு மட்டுமே உரியது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று அந்தச் சக்கரத்தின்மேலேயே பொறிக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் நிரந்தரமாக மாட்டுவதற்கு வழி அதில் இல்லை.

அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. இப்பிரமாணங்கள் செய்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. பாதுகாப்பு ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யலாகாது என்ற தடை பட்டறைக்காரருக்கும் உண்டு. வண்டியின் சொந்தக்காரர் தம் கையால் செய்துகொள்ளும் மாறுதல், மாகாணச் சட்டத்தின் ஆளுகைக்குப் போய்விடுகிறது. ஆகவே ‘நானே மாட்டிக்கொண்டால் குற்றமில்லை’ என்று நினைப்பவர், கலிபோர்னியா போன்ற மாகாணங்கள் கெட்டிச் சக்கரத்துக்குத் தனி வேக வரம்பு வைத்திருப்பதையும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமும் நீதிமன்றமும் கேட்கப்போகும் கேள்விகளையும் யோசிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் முறை வேறு. அமெரிக்காவில் செய்பவரே தம் பொருள் பிரமாணத்துக்கு உட்பட்டது என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிடுகிறார். ஐரோப்பாவில் அரசாங்க அங்கீகாரம் முன்கூட்டியே வேண்டும். 1958-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்கீழ் ஐக்கிய நாடுகள் வகுத்த 30-ஆம் விதி கார்களின் காற்று டயருக்கும், 54-ஆம் விதி வர்த்தக வாகனங்களின் காற்று டயருக்கும், 117-ஆம் விதி இரைச்சல், ஈரப்பிடிப்பு, உருளும் தடை ஆகியவற்றுக்கும் உரியவை. இவற்றில் கடைசி விதி அளப்பது டயர் தரையில் நடந்துகொள்ளும் விதத்தை; உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அளவைக்குத் தேவையில்லை. எதிர்கால விதிக்கு நல்ல மாதிரி இதுவே என்று தோன்றுகிறது. ஐரோப்பிய யூனியனின் 2018-ஆம் ஆண்டு அங்கீகாரச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடப்பு விதிகளுக்கு ஒவ்வாத புதிய அமைப்பு ஒன்று, அவ்விதிகள் தரும் பாதுகாப்புக்குக் குறையாத பாதுகாப்பைத் தருகிறது என்று பரீட்சைகளால் நிரூபித்தால், அதற்கு விலக்களிக்க அது வழி திறக்கிறது. அமெரிக்காவிலும் ஆண்டுக்கு 2,500 வாகனங்களுக்கு மேற்படாமல் தற்காலிக விலக்குத் தரும் ஏற்பாடு இருக்கிறது.

இந்தியாவிலும் விதிகள் காற்று டயரையே மனத்தில் கொண்டவை. டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய 2009-ஆம் ஆண்டு உத்தரவு காற்றடைத்த டயர்களையும் டியூப்களையும் பெயர் சொல்லியே பேசுகிறது. வேறு வகைச் சக்கரம் காருக்கு வரக்கூடும் என்ற எண்ணமே அதில் இல்லை. இங்கே பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த மொட்டை டயர்களை ஒழிப்பதே இன்னும் முடிந்தபாடில்லை என்பதால், இந்த வாசல் திறப்பதற்கு முன் சோதனை அதிகாரிகளுக்கு வேலை நிறைய இருக்கிறது.

மொத்தத்தில் என் முடிபு இது. சட்டம் டயருக்குள் இருக்கும் பொருளை வைத்து இலக்கணம் கூறுவதை விட்டு, டயர் செய்ய வேண்டிய காரியத்தை வைத்து இலக்கணம் கூற வேண்டும். ஆனால் அக்காரியத்தை அளக்கும் பரீட்சைகள் வகுக்கப்படும் வரையில், பொதுமக்கள் நான்கு சக்கரங்களுக்கும் இதை மாட்டிக்கொண்டு சாலைக்கு வரலாகாது என்னும் தடை நியாயமானதே. எதிரே வரும் வண்டியின் சக்கரத்தைப் பரீட்சிக்கும் வாய்ப்பு நமக்கில்லை. அதை ஓட்டுபவருடைய துணிச்சலின் விலையை நாமும் சேர்ந்தே கொடுக்க வேண்டியிருக்கும். விதி வகுப்போர் காற்று டயரின் பரீட்சைகளில் பொருந்தாதவற்றை நீக்கிவிட்டு, வேறு சிலவற்றைச் சேர்க்க வேண்டும்: வெயிலிலும் ஓசோனிலும் முதுமையடையச் செய்த ஆரக்கால்களை மறுபடி உருளையில் ஓட்டுவது, சில ஆரக்கால்களை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, வண்டி நேராக நிற்கிறதா, வளைவில் பிடிக்கிறதா என்று பார்ப்பது, சேறும் பனியும் அடைத்த நிலையில் உதறலை அளப்பது. இவை யாவற்றிலும் முக்கியமாக, பட்டன் தேய்ந்ததைக் காட்டும் குமிழ்போல, ஆரக்கால் தளர்ந்ததை எந்தப் பாமரரும் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ளும் ஓர் அடையாளத்தைக் கட்டாயமாக்க வேண்டும். காற்றழுத்தமானி இல்லாத சக்கரத்துக்கு அதுவே மானி.

இதற்கு வேண்டிய அனுபவம் இப்போது சேர்ந்துகொண்டிருக்கும் இடங்கள் சரியான இடங்களே. 2023-இல் சிங்கப்பூரில் டி.எச்.எல். ஸ்தாபனத்தின் சுமார் 50 பார்சல் வேன்களுக்கும், பின்னர்ப் பிரான்ஸின் வடபகுதியில் லா போஸ்ட் தபால் துறையின் சுமார் 40 வேன்களுக்கும் அப்டிஸ் மாட்டத் திட்டமிட்டார்கள். நகரத்து வேகம், தெரிந்த வழி, மாலைதோறும் ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வண்டி, சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே அமைந்திருக்கின்றன. அந்த வேன்களில் எந்த ஆரக்கால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் முதலில் விரிசல் கண்டது, எந்த வெப்பத்தில், எந்தப் பாரத்தில் என்னும் குறிப்புகள் வியாபார ரகசியமாய்ப் பெட்டிக்குள் இருந்துவிடாமல், ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் டில்லியிலும் விதி எழுத உட்காருவோர் கைக்கு முழுமையாக வந்து சேர வேண்டும்.